மறுபடி கேட்கவில்லை

என் மாமியாரிடம் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். கல்யாணமாகிப் புனேக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு இது தெரியாது. காபி கலக்கும்போது, "அத்தை, உங்களுக்கும் கலக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். சரி என்று எனக்கு மட்டும் கலந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தும் முடித்தேன். அன்று முழுக்க அவர் முகம் உம்மென்று இருந்தது. சாயங்காலம் என் கணவர் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். திருநெல்வேலிப் பக்கத்தில் கௌரவமான பெண்கள் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லிவிட மாட்டார்களாம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, நீ நிஜமாகத்தான் கேட்கிறாயா என்று பார்ப்பதற்கு. மூன்றாவதுதான் பதில். "ஒனக்கு இதுகூடத் தெரியாதா? நீ எந்த ஊர்க்காரி?" என்று கிண்டல் வேறு.

நான் எந்த ஊர்க்காரியும் இல்லை. அப்பாவின் ரயில்வே வேலையால் நாக்பூரிலும் புசாவலிலும் வளர்ந்தவள். ஒரு தடவை கேட்டால் ஒரு தடவை பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆனாலும் கற்றுக்கொண்டேன். காபிக்கு மூன்று, தீபாவளிப் புடவைக்கு மூன்று, கால் அமுக்கிவிடட்டுமா என்பதற்கு மூன்று. விரல் மடக்கி எண்ணிக்கொண்டே கேட்பேன். அவரும் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "எண்ணுதியாக்கும்?" என்பார்.

என் கணவருக்கும் ரயில்வே வேலைதான், புனேயில் கோர்படிக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாமனார் இறந்தபிறகு, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, அத்தை மகனோடு வந்துவிட்டார். தமிழைத் தவிர அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. ரேஷன் கடையில், தபாலாபீஸில், கீரை விற்கிறவளிடம், எல்லா இடத்திலும் அவருக்கு வாய் நான்தான். ஒரே ஒரு நாள் நான் இல்லாமல் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்த அம்மா டம்ளரைக் காட்டி, "சஹா கேணார் கா?" என்று கேட்டிருக்கிறார். டீ குடிக்கிறீர்களா என்பதுதான். அத்தை முறைப்படி தலையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மாவும் சரி என்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, தான் பாட்டுக்குக் கீரை ஆய ஆரம்பித்துவிட்டார். அத்தை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"மறுபடி கேக்கவே இல்லட்டி!" என்றார். அப்படி ஒரு ஆச்சரியம் அவர் முகத்தில்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அறுபத்தொன்றில் அணை உடைந்து புனே ஊருக்குள் தண்ணீர் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மார்ல ஒரு கட்டி இருக்கு" என்றார். ஏதோ அரிசியில் கல் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எண்ணி மூன்றாவது தடவை கேட்டபோது என் கையைப் பிடித்து, ரவிக்கைக்கு மேலேயே வைத்தார். இடது பக்கம், புளியங்கொட்டைபோல ஒன்று. அழுத்தினால் வலிக்கவில்லை என்றார். வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. புசாவலில் எங்கள் வரிசையில் ஒரு அம்மாளுக்கு இப்படித்தான் வலிக்காத கட்டி ஒன்று வந்தது. ஒன்றரை வருஷத்தில் அவர் போய்விட்டார்.

"எத்தன நாளா இருக்கு அத்தை?"

"இருக்கும், நாலஞ்சு மாசம். அவன்கிட்ட இந்த எடம்னு சொல்லாத. ஒடம்புக்குச் சரியில்லன்னு மட்டும் சொல்லு."

அப்படியே சொன்னேன். என் கணவரும் எந்த இடம் என்று கேட்கவில்லை. பெண்கள் விஷயம் என்று புரிந்துகொண்டதும் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகக் குதிரை டாங்காவுக்குச் சொல்லிவைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி ஆற்றுப் பக்கத்தில் இருந்தது. பெரியது, பழையது. போன வருஷத்து வெள்ளம் நின்ற மட்டம் சுவரில் காவிக் கோடாகத் தெரிந்தது, என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் அது போகவில்லையாம். அந்தக் கோட்டுக்குக் கீழே பெஞ்சு போட்டுப் பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அத்தை உட்காருவதற்கு முன்னால் நிமிர்ந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். "இவ்வளவு ஒசரத்துக்கா வந்துது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தாதவர், சுத்தமான கை. அத்தையைப் பார்த்ததும், "யா ஆஜி" என்று உள்ளே கூப்பிட்டார். வெள்ளைப் புடவையும் காதில் ஒன்றும் இல்லாததும் பார்த்து அப்படிக் கூப்பிட்டிருப்பார். அத்தைக்கு அப்போது ஐம்பத்தாறுதான்.

"ஆஜின்னா என்னட்டி?"

"நம்ம ஆச்சிதான் அத்தை. பாட்டி."

"நான் எவளுக்கு ஆச்சி? ஒனக்குத்தான் இன்னும் ஒண்ணும் பொறக்கலையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் பேசியதில் எது போக வேண்டும், எது போக வேண்டாம் என்பதை நானே தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் அத்தை எப்போதும்போலவே இருந்தார். ரசம் வைத்தார், துவையல் அரைத்தார். குளித்துவிட்டு வர மட்டும் நேரமானது. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தமே இருக்காது. உள்ளே நின்று என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் தட்டவில்லை.

முடிவு சொல்லும் நாளில் எங்களுக்கு முன்னால் ஒரு மராத்திப் பெண் உள்ளே போனாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர், அதனால் எல்லோரும் அவளைப் 'பாயி' என்றார்கள். அடுத்த ஆள் என்று எங்களையும் உள்ளே விட்டு, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தாள் நர்ஸ். அதனால் எல்லாம் காதில் விழுந்தது, திரை இடுக்கில் கண்ணிலும் பட்டது. மராத்தி எனக்கு நன்றாகவே புரியும்.

டாக்டர் அவளிடம் நோயின் பெயரைச் சொன்னார். அவள் அழுதாள். கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டு, எங்கே வெட்டுவோம், எதை எடுப்போம், கை எப்படி இருக்கும் என்று விளக்கினார். அவள் முடியாது என்றாள். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றாள். குழந்தைகளுக்காகத்தான் சொல்கிறேன் என்றார் அவர். அவள் மறுபடி முடியாது என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வா, நாளைக்கும் கேட்பேன், நாளை மறுநாளும் கேட்பேன் என்றார். அப்படி எவ்வளவு நேரம் பேசினார் என்று சொல்ல முடியாது. அத்தை இரண்டு தடவை கால் மாற்றி உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அத்தை.

"ஆபரேஷன் பண்ணிக்கணும்ங்காரு. அவ மாட்டேங்கா. இவரு விட மாட்டேங்காரு."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். முறையாகத்தான் நடக்கிறது என்பதுபோல இருந்தது அந்த ஆட்டல். இதை நான் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். அத்தைக்கும் அதே நோய்தான். "ஆஜிக்குப் பெயரைச் சொல்ல வேண்டாம். இந்த வயதில் பயந்துவிடுவார்கள்" என்றார். மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு, கட்டி இன்னும் பரவவில்லை என்றார். "ஆபரேஷனுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்" என்று பேனாவைத் திறந்தார். படம் போடவில்லை. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் திரும்பி, "ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்ங்காரு அத்தை. சரியா?" என்றேன்.

அத்தை முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். சுவரைப் பார்த்தார். "வேண்டாம். எனக்கு என்னத்துக்கு அதெல்லாம்" என்றார்.

நான் டாக்டரிடம், "வேண்டாம் என்கிறார்" என்றேன்.

அவர் தலையசைத்தார். இந்த வயதில் அதுவும் புரிந்துகொள்ளக்கூடியதுதான் என்றார். எழுதினார். மாத்திரை, களிம்பு, மாதம் ஒருமுறை வந்து காட்டவும். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

எனக்குத் தெரியாதா? நான்கு வருஷமாக விரல் மடக்கி எண்ணியவள். அது முதல் 'வேண்டாம்' என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது என் வலது கைச் சுண்டுவிரல் மடங்கியிருந்ததுகூட நினைவில் இருக்கிறது. ஆனால் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய டாக்டரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள், எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் ஏதோ பட்டிக்காட்டு ஜனம் என்று நினைப்பாரே என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வார்டு, ரத்தம், கட்டு மாற்றுவது, இதையெல்லாம் நான் ஒருத்தியாகப் பார்க்க வேண்டுமே என்ற பயம் எனக்கு. அவர் வேண்டாம் என்றதும் அந்தப் பயம் இறங்கியது. அந்த நிம்மதியோடுதான் டாங்காவில் ஏறினேன்.

வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டிலும் முடியவில்லை. மறுபடி கேட்டால் எதற்காக என்று அவர் கேட்பார். எதற்காக என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அம்மா வேண்டாம்னுட்டாள்லா? பின்ன என்ன செய்ய?" என்றார். மூன்று தடவை கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்! ஆத்திரமாக வந்தது. ஆனால் எந்த முகத்தோடு நான் ஆத்திரப்படுவது?

பிறகு மாதாமாதம் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அத்தை விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளிப்பார். கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொள்வார். திருநீறு பூசிக்கொள்வார். டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் அழுத்திப் பார்ப்பார். அளவை எழுதிக்கொள்வார். களிம்பைத் தொடரச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும்போது அத்தை ஒரு நொடி தாமதிப்பார்.

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்ல அத்தை. களிம்பு போடச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கட்டி நெல்லிக்காய் அளவாயிற்று. மேலே தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போலப் புள்ளி புள்ளியாக ஆயிற்று. அவரே எனக்குக் காட்ட ஆரம்பித்திருந்தார். அதற்கு மட்டும் மூன்று தடவை கேட்க விடுவதில்லை. களிம்பு தடவும்போது அதன் சூடு என் விரலுக்குத் தெரியும். தேய்த்தாலும் எண்ணெய்ப் பாத்திரத்தை விட்டுப் போகாத வாடைபோல ஒன்று, லேசாக, ரவிக்கையில் வர ஆரம்பித்தது. நான் அதைத் தனியாகத் துவைத்தேன்.

நான்காவது மாதம் பெஞ்சில் அந்த டீச்சர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு பக்கம் தட்டையாக இருந்ததை முந்தானையால் சரி செய்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம். அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வலிச்சுதான்னு கேளு."

கேட்டேன். முதல் வாரம் உயிர் போய்விட்டது, கையைத் தூக்கவே முடியாது, இப்போது தலையை நானே பின்னிக்கொள்கிறேன் என்றாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். வெள்ளக் கோட்டுக்கும் மேலே போயிற்று அவள் கை. அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடது கையை மடியிலிருந்து கொஞ்சம் உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம். களிம்பு வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். டாங்கா ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அத்தை திடீரென்று கேட்டார்.

"அந்த டீச்சர் பொண்ண எத்தன தடவ கேட்டாரு?"

"மூணு நாலு தடவ கேட்டாரு அத்தை. மறுநாளும் வரச் சொன்னாரு."

"ம்." கூட்ஸ் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார். "என்னைய ஒரு தடவதான கேட்டாரு. நானும் மாசாமாசம் இன்னைக்குக் கேப்பாரு, இன்னைக்குக் கேப்பாருன்னு பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மறுபடி கேக்கவே மாட்டேங்காரு."

"கேட்டா என்ன சொல்வீங்க அத்தை?"

"என்ன சொல்லுவேன்? சரின்னுதான் சொல்லுவேன். உயிருன்னா எனக்கு மட்டும் கசக்குதாக்கும்?"

டாங்காவைத் திருப்பச் சொன்னேன். குதிரைக்காரன் முணுமுணுத்தான். கத்தினேன். திருப்பினான். வழி முழுக்க அத்தை என்ன, ஏது என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் குதிரைக்காரனை விரட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் தடுத்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் மாமியார் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறார் என்றேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அத்தையை உட்கார வைத்து மறுபடி பார்த்தார். கட்டியைப் பிடித்து அசைத்தார். அது அசையவில்லை. அக்குளில் விரல்களை வைத்து வெகுநேரம் தேடினார். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைபோல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலும்போடு ஒட்டிவிட்டது" என்றார் ஆங்கிலத்தில். "அக்குளிலும் வந்துவிட்டது. இனி வெட்டுவதில் பயன் இல்லை. அன்றைக்கே மறுத்துவிட்டார்களே." கேஸ் பேப்பரை எடுத்து என் பக்கம் திருப்பினார். ஆபரேஷனுக்கு மறுத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே அடிக்கோடு.

"அவர் மறுக்கவில்லை" என்றேன். "எங்கள் வழக்கம் அது. முதலில் வேண்டாம் என்பது மரியாதைக்கு. மறுபடி கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீங்கள்தானே அம்மா, அவர் மறுத்துவிட்டார் என்று என்னிடம் சொன்னீர்கள்?" என்றார். எனக்குத் தமிழ் தெரியாதே என்றும் சொன்னார். அந்த டீச்சரை மட்டும் நான்கு தடவை ஏன் கேட்டீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் ஒரு தடவை கேட்டார், நான் ஒரு தடவை கேட்டேன். இதில் யாரைப் போய்க் கேள்வி கேட்பது?

அத்தை என் புடவையைப் பிடித்து இழுத்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. குரலைத் தாழ்த்தி, டாக்டருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார்.

"இப்பக் கேக்காரா? கேட்டா சரின்னு சொல்லிரு. நான் வேண்டாம்னாலும் நீ சரின்னே சொல்லிரு."

"இல்ல அத்தை" என்றேன். "கேக்கல."

அவர் புடவையை விட்டுவிட்டார். ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். நான் உதவப் போனேன், விடவில்லை. வெளியே வரும்போது அந்தக் காவிக் கோட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோயின் பெயரை நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பாலைக் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

"அத்தை, காபி கலக்கட்டுமா?"

"கொண்டா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் சுண்டுவிரல் மடங்கியிருந்தது, இரண்டாம் தடவை கேட்பதற்காக வாயும் திறந்திருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப்பின் அவர் எட்டு மாதம் இருந்தார். கஞ்சி, தலையணை, விசிறி, வலிக்கு ஊசி, எதைக் கேட்டாலும் முதல் தடவையிலேயே சரி என்றார். ஒரு தடவைகூட என்னை மறுபடி கேட்க விடவில்லை.